பொதிக்குள் வரும் திருத்தங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீபிஎஸ்டி என்பது யூனிக்ஸ் மரபில் வந்த ஓர் இயங்குதளம். பிறர் எழுதிய திறமூல மென்பொருள்களை அதில் நிறுவுவதற்கென 1994 முதல் வளர்ந்துவரும் ஏற்பாட்டுக்குப் போர்ட்ஸ் என்று பெயர். அதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு கோப்புறை உண்டு; ஆனால் மென்பொருள் அதற்குள் இருக்காது. மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எவையெல்லாம் முன்னதாக நிறுவப்பட்டிருக்க வேண்டும், எப்படித் தொகுத்து இயங்கும் நிரலாக்குவது என்று சொல்லும் மேக்ஃபைல் இருக்கும். இறக்கிய கோப்பின் அளவையும், அது மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும் பதிந்த இன்னொரு கோப்பு இருக்கும். தேவைப்பட்டால் மூலநிரலில் செய்ய வேண்டிய சில திருத்தங்களும் இருக்கும். இப்படி நிறுவுவதற்கெனத் தயார்செய்து வைப்பதையே பொதி என்கிறேன்.

அந்தத் திருத்தங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். லினக்ஸில் எழுதி லினக்ஸிலேயே சோதித்த மென்பொருள் பல. பாஷ் கட்டளைச் செயலி 'பின்' கோப்புறையில் இருக்கும் என்று அவற்றை எழுதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியிலோ வெளியிலிருந்து வரும் மென்பொருள் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்னும் கோப்புறைக்குள் போவதே வழக்கம் என்பதால் பாஷும் அங்கேதான் கிடக்கும். இதைச் சரிசெய்ய ஒன்றிரண்டு வரிகள் போதும். ஆனால் அதே திருத்தத்தைப் பதிப்புக்குப் பதிப்பு சுமக்காமல் இருக்க வேண்டுமானால், மூல ஆசிரியருக்கு அனுப்பி அவரை ஏற்கவைக்க வேண்டும். பொதி பராமரிப்பவரின் உழைப்பில் பெரும்பங்கு, சொல்லப்போனால், கடிதம் எழுதுவதில்தான் கழிகிறது.

சரிபார்ப்பு எண்ணிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. சில ஆசிரியர்கள் வெளியீட்டில் சிறு பிழை கண்டதும் பதிப்பெண்ணை மாற்றாமல் அதே பெயரில் வேறு கோப்பை வைத்துவிடுவார்கள். எண் பொருந்தாமல் நிறுவல் நின்றுபோகும். புதிய எண்ணைப் பதிய ஒரே கட்டளை போதும். அதற்குமுன் பழைய கோப்பையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவரையே நான் நல்ல பராமரிப்பாளர் என்பேன்.

எவ்வளவு திருத்தலாம் என்ற கேள்விக்கு, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006இல் அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தின் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்ததற்காக இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. மூல ஆசிரியர்களின் அஞ்சல் குழுவில் கேட்காமல் செய்ததும் அல்ல. ஆயினும் யாரும் ஊகிக்க முடியாத எண்களை உருவாக்கும் பகுதிக்கு வேண்டிய தரவு, அவ்விரண்டில் ஒரு வரியின் வழியேதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது போனபின் எஞ்சியது, இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் இடும் செயல்முறை எண் மட்டுமே; அதற்கோ 32,768 மதிப்புகள்தான் உண்டு. ஆகவே ஒரே வகைக் கணினிக் கட்டமைப்பில், குறிப்பிட்ட வகையும் நீளமும் கொண்ட மறையாக்கச் சாவிகளில் 32,768க்கு மேல் வேறுபாடு இல்லாமல் போயிற்று. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் அந்தப் பொதியைக் கொண்டு உருவாக்கிய சாவிகளைத் தூக்கியெறிய நேர்ந்தது.

எச்சரிக்கையை அடக்குவதற்கென்றே எழுதும் திருத்தத்தை நான் பொதியில் சேர்ப்பதில்லை. தொகுப்பதையோ இயங்குவதையோ தடுக்கும் வரியை மட்டும் மாற்றிவிட்டு, எச்சரிக்கையை மூல ஆசிரியருக்குத் தெரிவித்து, அடுத்த பதிப்பில் அவர் அதை என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன்.

வணக்கம்.