ஒத்தி என்ற ஒரு சொல்

வணக்கம். தில்லியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞராக இருக்கிறேன். மயூர் விஹாரில் வீட்டு முன்னறைதான் அலுவலகம். நான், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. இங்கே முன்ஷி என்பார்கள். ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "சார், சாட்சியை மறுபடி கூப்பிடுவாங்களா?"

கூப்பிட மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் என்ன பதிவானதோ அந்தக் காகிதம்தான் இங்கே பேச வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 90 நாளுக்குள் சிறப்பு அனுமதி மனு, அதாவது மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் மனு, போட வேண்டும். பெரும்பாலும் திங்கள், வெள்ளிக்கிழமைகளில் விசாரணைக்கு வரும். பல மனுக்களுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் நீதிபதியின் கண்ணில் படவேண்டிய வரி எது என்று தேடுவதிலேயே எங்கள் நாள் போகிறது.

அந்த வரி பெரும்பாலும் தமிழில் இருக்கும். உச்ச நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில். ஆகவே பத்திரம், சாட்சியம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். இங்கேதான் எனக்குப் பயம்.

ஒரு வழக்கு முடிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். டெல்டா பக்கத்து அம்மா ஒருவர். அவருடைய மாமனார் 1961-ல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு நிலத்தை ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்கப் போனால், "முப்பது வருஷம் தாண்டிப்போச்சு" என்று தோற்றுப்போயிருந்தார்கள்.

இரவு பதினொரு மணிக்கு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பத்திர நகலைப் படித்தேன். மொழிபெயர்ப்பில் குத்தகை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. நகலில், மை பரவிய முத்திரைத்தாளில், "வட்டிக்குப் பதிலாக மேற்படி நிலத்தை நீர் சுவாதீனம் பெற்று அனுபவித்து வரவேண்டியது" என்று இருந்தது. அது குத்தகையே இல்லை. ஒத்தி! சுவாதீன ஒத்தி: கடன் தீரும்வரை வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவிக்கக் கொடுக்கும் அடமானம்.

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குத்தகை என்றால் எதிராளி குத்தகைதாரர். மீட்பு என்ற பேச்சே எழாது. ஒத்தி என்றாலோ, மீட்பதற்கான காலக்கெடு பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடாது, ஒத்திப் பணம் தீரும்போதுதான் ஓடத் தொடங்கும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே மூன்று நீதிபதிகள் அமர்வில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு சொல் தப்பாகப் போயிருந்தால், முதல் நிமிடத்திலேயே மனு தள்ளுபடி ஆகியிருக்கும்.

மறுநாள் மொழிபெயர்ப்பைத் திருத்தி, ஒத்தி என்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் சேர்த்தோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவானது. அப்புறம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, நிலம் திரும்பி வந்தது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: மேல்முறையீட்டுக்கு வருகிறவர்கள் செல்போனில் எடுத்த படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கொண்டுவாருங்கள். 80-ஆவது நாள் வரை காத்திருக்காதீர்கள். கீழ்க் கோர்ட்டில் சொல்லாத புது விஷயத்தை இங்கே பொதுவாகச் சேர்க்க முடியாது என்பதால், அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

வழக்குக் காகிதக் கட்டை வாங்கிப்போக அந்த அம்மா வரவில்லை. குர்காவ்னில் வேலை பார்க்கும் பேரனை அனுப்பினார். "ஒத்தின்னா என்ன சார்?" என்று கேட்டான். உட்காரவைத்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.