வாய்க்குள் இன்னொரு பல்வரிசை: மோசசாரஸ் வேட்டையாடியது இப்படித்தான்!

(திரையில்: இருண்ட கடல். நம்மை நோக்கித் திறந்தபடி வரும் ஒரு பெரிய வாய். காட்சி அப்படியே உறைகிறது.)

இந்த வாயை நன்றாகப் பாருங்கள். விளிம்பில் இருக்கும் கூம்புப் பற்களை விடுங்கள், அவை எல்லோர் கண்ணிலும் படும். இன்னும் உள்ளே, மேலண்ணத்தில், தொண்டைக்குப் பக்கத்தில் பாருங்கள். இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. அத்தனையும் தொண்டையைப் பார்த்து வளைந்த பற்கள். உள்ளே போன இரை வந்த வழியே திரும்ப வேண்டும் என்றால், அந்தக் கொக்கிகள் எல்லாவற்றிலும் தன் உடம்பைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இதுதான் மோசசாரஸ். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கடலில் இதற்கு எதிரி என்று சொல்லிக்கொள்ள இதன் இனத்தைத் தவிர வேறு யாரும் பெரிதாக இல்லை. பெரியவை 12 மீட்டரைத் தாண்டி வளர்ந்தன. டைனோசர் என்று நினைத்து உள்ளே வந்தவர்களுக்கு ஒரு திருத்தம்: இது டைனோசர் இல்லை. பல்லி இனத்தைச் சேர்ந்தது, உடும்புக்கும் பாம்புக்கும் உறவு.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்குப் பக்கத்தில் சுண்ணக்கல் சுரங்கம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ராட்சத மண்டையோடுகள் கிடைத்தன. முதலை என்றார்கள், திமிங்கிலம் என்றார்கள். அவற்றில் ஒன்றைப் பிரெஞ்சுப் படை பாரிசுக்கே கொண்டுபோனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அது உடும்பைப் போன்ற ஒரு பிராணி என்பதை 1808இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே உறுதி செய்தார். 1822இல் பெயர் வைத்தார்கள். மியூஸ் நதியின் லத்தீன் பெயர் மோசா, அதனால் மோசசாரஸ். அவ்வளவுதான், வாய்க்குத் திரும்புவோம்.

பிடித்தால் விடாத பிடியை நாம் என்ன சொல்கிறோம்? உடும்புப்பிடி. அந்த உடும்பின் உறவுக்காரன் கடலுக்குள் போய் 12 மீட்டர் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்! ஆனால் நம் பழமொழியில் உடும்பு பிடிப்பது நகத்தால். மோசசாரஸின் கால்களோ துடுப்புகளாக மாறிவிட்டன. கையும் இல்லை, நகமும் இல்லை. வழுக்கும் உடம்போடு துள்ளுகிற இரையைத் தண்ணீருக்குள் வாயால் மட்டுமே பிடித்து, வாயால் மட்டுமே விழுங்க வேண்டும். ஒரு மீனைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

அதற்குத்தான் அந்த அண்ணப் பற்கள். கனமான வாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும்போது என்ன செய்கிறோம்? ஒரு கை இறுகப் பிடித்திருக்கும், அந்த நேரத்தில்தான் மற்ற கை விட்டுவிட்டு மேலே போய்ப் பிடிக்கும். இரண்டு கையையும் ஒன்றாக விட்டால் வாளி போய்விடும். மோசசாரஸின் வாயில் அண்ணப் பற்கள் ஒரு கை, கீழ்த்தாடை இன்னொரு கை. தாடை கொஞ்சம் தளர்ந்து அடுத்த இடத்தைக் கவ்வப் போகும்போது, அண்ணப் பற்கள் இரையை நழுவ விடாமல் குத்திப் பிடித்திருக்கும். கவ்வு, பிடி, தள்ளு. மறுபடி கவ்வு. பாம்பு எலியை விழுங்குவதை யாராவது பொறுமையாகப் பார்த்திருந்தால், கிட்டத்தட்ட இதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பாம்பின் அண்ணத்திலும் பற்கள் உண்டு.

கீழ்த்தாடையும் ஒரே எலும்பு இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. பல் உடைந்தால்? கவலையே இல்லை. பழைய பல்லின் அடியில் புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும், ஆயுள் முழுக்க. எனக்கு இந்தப் பிராணியில் மிகவும் பிடித்தது இந்த வாய்தான். அதன் அளவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்த வீடியோவே. பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள்.

சரி, இரைக்குப் பக்கத்தில் எப்படிப் போனது? வாலால். ரொம்ப நாள் வரை இதை விலாங்கு மீன் மாதிரி நெளிந்து போகிற பிராணியாகத்தான் வரைந்தார்கள். 2013இல் வெளியான ஆய்வில், ஜோர்டானில் கிடைத்த ஓர் இளம் மோசசாரின் (மோசசாரஸின் குடும்பத்துப் பிராணிகளுக்குப் பொதுப் பெயர் இது) புதைபடிவத்தில், எலும்பு மட்டுமல்ல, வால் துடுப்பின் தசை விளிம்பே கல்லில் பதிந்திருந்தது. பிறை வடிவத் துடுப்பு! சுறாவின் வாலைத் தலைகீழாகத் திருப்பியது போல. சுறாவுக்கு முதுகெலும்பு மேல் மடலுக்குள் போகும், இதற்குக் கீழ் மடலுக்குள். அப்படிப்பட்ட வால் நெளிவதற்கு இல்லை, சட்டென்று பாய்வதற்கு.

கடைசியாக, சாட்சி. அமெரிக்காவின் நடுப்பகுதி அன்று ஒரு கடல். 1918இல் கன்சாஸ் மாநிலத்தில் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் தோண்டி எடுத்த டைலோசாரஸ், அதாவது மோசசாரஸின் நெருங்கிய உறவு, கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளம். அதன் விலா எலும்புகளுக்குள் பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வன, அதுவே சுமார் 2 மீட்டர்! தெற்கு டகோட்டாவில் கிடைத்த இன்னொரு டைலோசாரஸின் வயிற்றில் நான்கு இரைகள்: ஒரு மீன், ஒரு சுறா, ஹெஸ்பரோர்னிஸ் என்ற பறக்காத கடற்பறவை, அப்புறம் ஒரு சிறிய மோசசார். ஆமாம், தன் இனத்தையேதான்.

இந்த நான்கில் எதைப் பிடிப்பது அதற்கு மிகக் கடினமாக இருந்திருக்கும்? பறவையும் சின்ன மோசசாரும் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும், கீழே காத்திருந்தால் போதும். சுறாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதற்கும் பல் உண்டு. என் ஓட்டு சுறாவுக்கு. உங்கள் ஓட்டு எதற்கு, ஏன் என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.