கட்டி முடித்தவள் பேசுகிறேன்

(கேரளாவின் வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஒரு செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்மாரே, அக்காமாரே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யலாமா, கூடாதா என்று பேசக் கூப்பிட்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கடனில் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி ஆகவில்லை. அசலும் வட்டியுமாக முழுசாகக் கட்டினோம். ஒழுங்காகக் கட்டினவர்கள் ஏமாளிகளா என்று கேட்கிறவர்கள், எங்களைப் போன்றவர்களை முன்னால் நிறுத்தித்தான் தள்ளுபடி கூடாது என்கிறார்கள். அதனால் நானே வந்து பேசுவதுதான் சரி என்று பட்டது.

2005ல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். வருடத்துக்கு 60,000 வீதம் நான்கு வருடத்தில் 2,40,000 ரூபாய் கடன். 4 லட்சத்துக்குள் என்றால் சொத்து ஈடு வேண்டாம். 2001ல் வங்கிகளுக்காக வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் விதி அது. அந்த விதி இல்லையென்றால் நான் செவிலியராக ஆகியிருக்க முடியாது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிற நம்மிடம் ஈடு வைக்க என்ன இருக்கிறது? வீடு கம்பெனியுடையது, நிலமும் கம்பெனியுடையது. பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அப்பா போட்டார். அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு 12 சதவீதம். 2010ல் முதல் தவணைக்கு நாள் வந்தபோது கடன் 3,40,800 ஆகியிருந்தது. ஏழு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் மாதம் சுமார் 6,000 கட்ட வேண்டும். அப்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்குக் கையில் வந்த சம்பளம் 5,000. வேறு இடம் பார்க்கலாம் என்றால் பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் என்று சொல்லி சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்திருந்தார்கள்.

எட்டு மாதம் தவணை போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லோரும் திரும்புகிற நேரம் பார்த்து, வங்கியிலிருந்து இரண்டு பேர் லயத்துக்கு வந்தார்கள். வாசலில் நின்றபடியே தொகையைச் சொன்னார்கள். வரிசையில் பத்து வீட்டுக்கும் கேட்டது. அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை.

2012ல் அப்பா ஓய்வு பெற்றார். தோட்டத்தில் ஓய்வு என்றால் லயத்தையும் காலி செய்ய வேண்டும், உங்களுக்குத் தெரியும். பணிக்கொடையான கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வந்தால் கம்பம் பக்கம் இரண்டு சென்ட் வாங்கி ஒரு ஓட்டு வீடு போட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் வங்கிக்குப் போனது. இன்றைக்கும் அவர் கம்பத்தில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

அப்புறம் 2014 பிப்ரவரி. இடைக்கால பட்ஜெட்டில் ஒரு அறிவிப்பு வந்தது. 2009 மார்ச் 31 வரை வாங்கிய கல்விக் கடன்களில், 2013 டிசம்பர் கடைசி வரை நிலுவையில் நின்ற வட்டியை மத்திய அரசே ஏற்கும். சுமார் 9 லட்சம் மாணவர்களுக்கு 2,600 கோடி ரூபாய். என் கடன் அந்தத் தேதிக்குள் வாங்கியதுதான். ஆனால் என் பெயரில் நிலுவை இல்லையே! கட்டி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு அந்தச் சலுகை கிடைத்தது. அவளிடம் பல மாதம் சரியாகப் பேசவில்லை நான். இதை மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பிறகுதான் யோசித்தேன், அவள் ஏன் கட்டவில்லை? அவளுடைய அப்பா வேலை பார்த்த தோட்டம் 2000 வாக்கில் இந்தப் பீர்மேடு பகுதியில் மூடிக் கிடந்த தோட்டங்களில் ஒன்று. அவருக்கு கிராஜுவிட்டி கையில் வரவேயில்லை. என் அப்பாவுக்கு வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு பெரிய பொய்! கட்டியது அப்பாவின் முப்பது வருட உழைப்பு.

இந்த வாக்குவாதம் நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் அரசிடம் கல்விக் கடன் வாங்கியவர்கள் சுமார் 4 கோடியே 30 லட்சம் பேர். மொத்தம் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் தவணையை நிறுத்தி வைத்தார்கள், மூன்று வருடத்துக்கு மேல் அது நீடித்தது. 2022 ஆகஸ்டில் பைடன், ஒருவருக்கு 10,000 டாலர் வரையும், பெல் என்னும் ஏழை மாணவர் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 வரையும் ரத்து என்று அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இதற்கு அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகளில் 6க்கு 3 என்ற கணக்கில் அந்த அறிவிப்பைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. கல்லூரிக்கே போகாத கூலித் தொழிலாளியின் வரிப்பணத்தில் பட்டதாரியின் கடனை ஏன் அடைக்க வேண்டும் என்று அங்கேயும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இங்கே பிள்ளையைப் படிக்க வைக்க முடியாமல் போன அக்காமார் இருக்கிறீர்கள். கடையில் நீங்கள் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. இன்னொன்று, அமெரிக்காவில் கடன் கொடுத்தது பெரும்பாலும் அரசே. இங்கே கொடுப்பது வங்கி. தள்ளுபடி என்றால் அரசு அந்தப் பணத்தை வங்கிக்குக் கொடுத்தாக வேண்டும். வாயால் அறிவித்துவிட்டுப் பணம் கொடுக்காமல் இழுத்தால், அடுத்த வருடம் விண்ணப்பத்தோடு போகிற பிள்ளையிடம் மேனேஜர் முகம் கொடுக்க மாட்டார். அப்பாவின் சிபில் மதிப்பெண், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் மதிப்பெண் குறைவு, தம்பிக்கு முந்தின கடன் இருக்கிறது என்று காரணம் வரும். சிபில் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததே.

கேரள அரசு 2017ல் 900 கோடியில் ஒரு உதவித் திட்டம் கொண்டுவந்தது. தவணை கட்டாமல் வாராக்கடனாகிப் போன 4 லட்சம் வரையிலான கடனுக்கு, வாங்கியவர் 40 சதவீதம் கட்டினால் அரசு 60 சதவீதம் தரும் என்றார்கள். நல்ல மனசோடு வந்த திட்டம்தான். ஆனால் இரண்டு லட்சம் பாக்கி வைத்திருக்கிற வீட்டில் 80,000 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? வட்டிக்காரரிடம்தான்.

எனக்குக் கிடைத்த உண்மையான நிவாரணம் வேறு திசையிலிருந்து வந்தது. 2011லிருந்து கேரளாவில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2017லும் செய்தார்கள். 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 2010ல் அது இருந்திருந்தால் மாதம் 6,000 ஒரு பாரமா? சிரித்துக்கொண்டே கட்டியிருப்பேன். அப்பாவின் வீடும் எழும்பியிருக்கும்.

அதனால் தள்ளுபடி வேண்டும் என்பவர்களோடு நான் நிற்கிறேன். வேலை கிடைக்காதவர்களுக்கும், சம்பளத்தைவிடத் தவணை பெரிதாக இருக்கிறவர்களுக்கும் முதலில் வர வேண்டும். அதோடு நிற்கவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1989 முதல், படித்தவருடைய வருமானம் ஓர் அளவைத் தாண்டினால்தான் கட்டணக் கடனைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். அதையும் வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். வாசலில் வந்து நின்று யாரும் கத்துவதில்லை. 2025ல் அந்தக் கடன்களிலிருந்தே 20 சதவீதத்தைக் குறைத்தும் விட்டார்கள். இங்கேயும் தவணையைச் சம்பளத்தோடு கட்டிப்போட வேண்டும். பெற்றோரின் கிராஜுவிட்டியில் கை வைக்கக் கூடாது. பிள்ளையின் கடனில் அப்பாவின் கையெழுத்தே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

சரி, எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. நோட்டீஸ் வந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் அந்த ஜன்னலோர மேசைக்கு வாருங்கள். பாஸ்புக்கும் கடன் அனுமதிக் கடிதமும் இருந்தால் எடுத்து வாருங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிப் பார்ப்போம். கடனைப் பேசித் தீர்க்கிற வங்கி அதாலத்தில் பேசுவதற்கு முதலில் அந்தத் தாள்தான் கையில் வேண்டும். கடைசி ஜீப் போகும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.