விடியுமுன் மூச்சுத் திணறும் கழிமுகம்

[காட்சி: நண்பகல். ஆழம் குறைந்த கழிமுகம். தண்ணீர் இளம்பச்சையாகத் தெரிகிறது. ஒரு கை அளவுக்கருவியை இறக்குகிறது.]

இந்தத் தண்ணீரில் இப்போது ஆக்சிஜனை அளந்தால் ஒரு குறையும் தெரியாது. லிட்டருக்கு 10 மில்லிகிராம்கூட இருக்கலாம். அதே இடத்தில் அதே கருவியை விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கினால், கோடைக்காலத்தில் 2 மில்லிகிராமுக்கும் கீழே காட்டும் நாட்கள் உண்டு. அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் மீன்கள் தப்பி ஓடப் பார்க்கும். ஓட முடியாத சிப்பியும் புழுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரே இரவில் இது எப்படி நடக்கிறது?

[காட்சி: ஆறு கடலில் கலக்கும் இடம், குறுக்குவெட்டுப் படம்.]

ஆழம் குறைந்த கழிமுகங்களில் வெயில் அடிமண் வரை இறங்கும். அதனால் தரையிலேயே கடற்புல் வளரும். மீன்குஞ்சு, இறால், நண்டு எல்லாம் அந்தப் புல்லுக்குள் ஒளிந்துதான் பெரிதாகின்றன. புல்லின் வேர் சேற்றைக் கலங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் புல்லுக்கும் வெளிச்சம் கிடைக்கிறது.

நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லாமல் இதில் எதுவுமே வளராது. அளவு மீறும்போதுதான் சிக்கல். பயிர் எடுத்தது போக மிஞ்சிய உரம், சாக்கடை, கால்நடைக் கழிவு, செப்டிக் டேங்க் கசிவு, புகையிலிருந்து மழையோடு இறங்கும் நைட்ரஜன் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கின்றன.

அப்படிச் சேரும் சத்தால் முதலில் கொழுப்பது கடற்புல் இல்லை, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. கடற்புல் இனங்கள் பலவற்றுக்கு, மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். நுண்பாசிக்கு நூறில் ஒரு பங்கு இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். மேலே பாசி அடர்ந்து, புல்லின் இலைமீதும் பாசி படிந்துவிட்டால், அடியில் இருக்கும் புல் இருட்டிலேயே சாகிறது.

[காட்சி: பொழுது சாய்கிறது. ஆக்சிஜன் கோடு கீழே இறங்கத் தொடங்குகிறது.]

சரி, இப்போது அந்த இரவுக்கு வருவோம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடுகிறது. இருட்டியதும் அந்த வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. பாசி, மீன், சேற்றில் செத்த பாசியைத் தின்னும் பாக்டீரியா என எல்லாம் இரவு முழுக்கச் சுவாசிக்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. 30 டிகிரியில், உப்பில்லாத தண்ணீரில்கூட காற்றிலிருந்து கரைந்து லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் நிற்கும். நண்பகலில் 10 வரை ஏறுவது பாசி விடும் ஆக்சிஜனால்தான். காற்றும் அசையாத இரவு என்றால் மேலிருந்து புதிதாகக் கரைவதும் அரிது. சூரியன் எழும் முன்பு கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

[காட்சி: சேற்றுக்குள் நெருங்கிப் பார்க்கிறோம்.]

எனக்கு இதைவிடக் கவலை தருவது சேற்றில் நடப்பது. ஆக்சிஜன் இருக்கும்வரை அங்குள்ள பாக்டீரியாக்கள், செத்த பாசி அழுகும்போது வரும் நைட்ரஜன் சத்தான அம்மோனியத்தை, நைட்ரேட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றும். வேறு சில, சற்று ஆழத்தில், அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கழிமுகம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி இது. ஆக்சிஜன் போனால் முதல் படியே நின்றுவிடும், அம்மோனியம் தண்ணீருக்குத் திரும்பும். இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரசும் விடுபட்டு மேலே வரும். வெளியிலிருந்து புதிதாக ஒரு சொட்டு சாக்கடை வராவிட்டாலும், அடுத்த பாசிக்கான உரம் உள்ளேயே தயார்.

ஸ்பெயினில் உள்ள மார் மெனோர் என்ற ஆழமில்லாக் காயலில் 2016-ல் தண்ணீர் பச்சைக் குழம்பாகி, அடித்தரைத் தாவரங்களில் சுமார் 85 சதவீதம் அழிந்தது. 2019 அக்டோபரில் மீன்கள் மூச்சுக்காகக் கரையோரம் குவிந்து டன் கணக்கில் செத்தன. 2022-ல் அந்தக் காயலுக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை கிடைத்தது.

[காட்சி: டாம்பா வளைகுடாவின் வான்படம்.]

மீட்க முடியுமா? அமெரிக்காவின் டாம்பா வளைகுடாவில் முடிந்தது. அங்கே 1970-களின் கடைசியிலிருந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நைட்ரஜனையும் நீக்கத் தொடங்கினார்கள். 1982-ல் 21,600 ஏக்கர் அளவுக்குச் சுருங்கியிருந்த கடற்புல், 2014-ல் 40,000 ஏக்கரைத் தாண்டியது. ஆனால் 2016-க்குப் பிறகு மறுபடியும் இறங்கி, 2022-ல் 30,000 ஏக்கரை ஒட்டி வந்துவிட்டது. நடுவே 2021-ல், பழைய பாஸ்பேட் ஆலையின் தேக்கத்திலிருந்து சுமார் 80 கோடி லிட்டர் கழிவுநீர் வளைகுடாவில் திறந்துவிடப்பட்டது.

அதனால் உங்கள் கையில் ஒரு தண்ணீர்த் தர அறிக்கை கிடைத்தால், எந்த மணிக்கு, எந்த ஆழத்தில் அளந்தது என்று முதலில் பாருங்கள். பகலில் மேல்மட்டத்தில் எடுத்த மாதிரி, விடியற்கால நிலவரத்தைச் சொல்லாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே அளக்கும் கருவியை அடிமட்டத்தில் வைத்தால்தான் அது பிடிபடும்.

அப்புறம், காலம். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் கழிமுகங்களுக்கு வரும் நைட்ரஜனில் பெரும்பங்கு செப்டிக் டேங்குகளிலிருந்து வருகிறது. அங்கே நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நகர்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் கழிவு, கரைக்கு வர ஒன்பது வருடமாகும். இன்றே அந்த வீட்டுக்குச் சாக்கடைக் குழாய் போட்டாலும், அதுவரை பழைய கழிவு வந்துகொண்டேதான் இருக்கும். மூன்றாம் வருட அளவீட்டைப் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றுவிட்டது என்று பணத்தை நிறுத்துவது தவறு.