ட்ரேடு இல்லாம சீசன் ஏது? (பட்டிமன்றத்துல நான் பேசினது)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிர்ல உக்காந்திருக்குற எதிரணி நண்பர்களுக்கும், வெளிய இவ்வளவு குளிர்லயும் நீல ஜெர்சியோட வந்து ஹாலை நெறைச்சிருக்குற டொரான்டோ சொந்தங்களுக்கும் வணக்கம்.

வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல்., அதோட சீசனுக்கு உயிர் கொடுக்குறது ஒரு டீம் தன் ஆட்டக்காரரை இன்னொரு டீமுக்கு மாத்திக் குடுக்குற ட்ரேடா, திறந்தவெளி ஆட்டமா, இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின அக்கா ரொம்ப அழகாப் பேசினாங்க. 2014 ஜனவரி 1-ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேடியத்துல பனி கொட்டக் கொட்ட 1,05,491 பேர் உக்காந்து நம்ம டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸும் டெட்ராய்ட்டும் ஆடுனதைப் பாத்தாங்களே, அப்படி ஒரு கூட்டத்தை எந்த ட்ரேடு கூட்டுச்சுன்னு கேட்டாங்க. இந்த விளையாட்டு வளர்ந்ததே உறைஞ்ச குளத்து மேலதான், வானத்துக்குக் கீழ ஆடுறதுதான் அதுக்குச் சொந்த வீடுன்னாங்க. ட்ரேடுன்னா மனுஷனைச் சரக்கு மாதிரி கைமாத்துறது, அதுல ரசிகனுக்கு மிஞ்சுறது வலி மட்டும்தான்னு சொல்லி முடிச்சாங்க. கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா பதில் சொல்லாம இறங்க முடியாது ஐயா.

மிச்சிகன்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஆட்டம் நல்ல ஆட்டம்தான், யார் இல்லன்னு சொன்னா? ஆட்டம் சமமானா நடக்குற ஷூட்அவுட்ல டைலர் போசாக் போட்ட கோல், 3-2ன்னு ஜெயிச்சோம், டிவில பக், அதான் அந்தக் கறுப்பு வட்டு, எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்குப் பனி. சரி, அந்த ஜெயிப்புக்கு என்ன கெடச்சுது? ரெண்டு பாயின்ட். நவம்பர் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரும் கண்டுக்காத ஒரு ஆட்டத்துல ஜெயிச்சாலும் அதே ரெண்டு பாயின்ட்தான். 82 ஆட்டத்துல அது ஒண்ணு, அவ்வளவுதான். அதே சீசன் மார்ச் மாசம் என்ன ஆச்சுன்னு அக்கா சொல்லல, நான் சொல்றேன், வரிசையா எட்டு ஆட்டம் தோத்தோம், கப்புக்கான கடைசிச் சுற்றுகளான ப்ளேஆஃப் பக்கமே போகல. ஒரு லட்சம் பேர் பாத்த ஆட்டம் அந்த சீசனோட தலையெழுத்துல ஒரு எழுத்தைக் கூட மாத்தல ஐயா, தலைப்பு என்ன கேக்குது, சீசனுக்கு உயிர் எதுன்னுதானே கேக்குது.

இப்ப வேற ஒரு ஜனவரிக்கு வாங்க. 1992 ஜனவரி 2. டக் கில்மோர்னு ஒரு ஆட்டக்காரர் கால்கரி டீமோட சம்பளத் தகராறுல இருக்காரு. அப்ப நம்ம ஜெனரல் மேனேஜர் கிளிஃப் ஃப்ளெட்சர், அவரே முன்னாடி கால்கரி டீமைப் பல வருஷம் நடத்தினவரு, கில்மோர் யாருன்னு அவருக்கு நல்லாவே தெரியும். அஞ்சு பேரைக் குடுத்து அஞ்சு பேரை வாங்கினாரு, மொத்தம் பத்து ஆளு ஒரே நாள்ல ஊர் மாறினாங்க. நாம குடுத்ததுல பெரிய பேரு கேரி லீமன், ஒரு சீசன்ல 51 கோல் போட்டவரு, அவருக்குக் கால்கரில அந்தப் பழைய ஆட்டம் திரும்பி வரவே இல்ல. கில்மோர் இங்க வந்து அடுத்த சீசன் 1992-93ல, போட்ட கோலும் கோலுக்கு உதவினதும் சேத்து, 127 பாயின்ட் எடுத்தாரு. அதுக்கு முன்னாடி நம்ம டீம் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்குற பெரியவங்களைக் கேளுங்க, ப்ளேஆஃப்ங்கற பேச்சே இல்லாம சீசன் முடிஞ்சுக்கிட்டு இருந்த காலம் அது.

அந்த 1993 வசந்தத்தைப் பத்தி நான் கொஞ்சம் நின்னு பேசியே ஆகணும். டெட்ராய்ட்டோட ஏழு ஆட்டம், செயின்ட் லூயிஸோட ஏழு ஆட்டம், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸோட ஏழு ஆட்டம். 21 ஆட்டம் முடியறப்ப கில்மோர் உடம்புல சதையே இல்ல, எலும்பும் தோலும்தான் இருந்துச்சு, பழைய வீடியோ பாருங்க. கிங்ஸ் சீரிஸ்ல நாம 3-2ன்னு முன்னால இருக்கோம், இன்னும் ஒரே ஒரு ஜெயிப்பு, ஜெயிச்சா லீக் சாம்பியனுக்குக் குடுக்குற ஸ்டான்லி கப் ஃபைனல்ல மான்ட்ரியலோட மோதல். ஆறாவது ஆட்டம் ஓவர்டைம். கிங்ஸ் நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கியோட ஸ்டிக் கில்மோர் தாடையில படுது, ரத்தம் வருது, கில்மோர் குனிஞ்சு கையை வச்சுப் பாக்குறாரு. ரெஃப்ரி கெர்ரி ஃப்ரேசர் லைன்ஸ்மேன்களைக் கூப்பிட்டுக் கேக்குறாரு, யாரும் பாக்கலையாம், பெனால்ட்டி இல்ல. கிரெட்ஸ்கி வெளிய போயிருக்கணும், போகல, கொஞ்ச நேரத்துல அவரே கோல் போட்டு ஆட்டத்தை முடிச்சாரு. ஏழாவது ஆட்டம் நம்ம மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்லயே நடந்துச்சு, மூணு கோல் போட்டு நம்மளை வீட்டுக்கு அனுப்பினாரு. அப்பப் பொறக்காத பசங்க கூட இன்னைக்கும் ஃப்ரேசர் பேரைக் கேட்டா கொதிக்கிறாங்க இல்ல? நடுவர் ஐயா, ஒண்ணு மட்டும் கவனிங்க. தாடையில அடி வாங்கினவரு ட்ரேடுல வந்தவரு. அடிச்சவரும் ட்ரேடுல போனவரு. அந்த ரெண்டு ட்ரேடு நடக்கலைன்னா இந்த ஊருக்கு அந்த ராத்திரியே கிடையாது.

வலி மட்டும்தான் மிச்சம்னு அக்கா சொன்னதுக்கும் அந்தக் கிரெட்ஸ்கியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறேன். 1988 ஆகஸ்ட் 9. எட்மன்டனுக்கு நாலு கப் ஜெயிச்சுக் குடுத்த ஆளு, கல்யாணம் ஆகி ஒரு மாசம் கூட ஆகல, அவரையும் மெக்சோர்லி, க்ருஷெல்னிஸ்கி ரெண்டு பேரையும் சேத்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிட்டாங்க. பதிலுக்கு வந்தது ரெண்டு ஆட்டக்காரங்க, மூணு முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக் (புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்குற உரிமை), அப்புறம் 1.5 கோடி டாலர். மைக் முன்னாடி உக்காந்து பேச முடியாம டிஷ்யூவால கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு மனுஷன். நெல்சன் ரீஸ்னு ஒரு எம்.பி., அரசாங்கமே தலையிட்டு இதை நிறுத்தணும்னு கேட்டாரு. ஒரு நாடே அழுதுச்சு, நான் மறுக்கல. ஆனா யாருக்காக அழுவோம்? நம்ம உயிரோட கலந்ததுக்குத்தான் அழுவோம். திறந்தவெளி ஆட்டம் ஒண்ணு ரத்தானா டிக்கெட் காசு திரும்ப வருமான்னு கேப்போம், எம்.பி. வரைக்கும் போவோமா?

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, எதிரணி இதைத் தயவுசெஞ்சு கேக்கணும். அவங்க பெருமையாச் சொல்ற திறந்தவெளி ஆட்டங்களோட வேர்லயே ட்ரேடு இருக்கு. லீக் கணக்குல முதல் திறந்தவெளி ஆட்டம் எது? 2003 நவம்பர் 22, எட்மன்டன் காமன்வெல்த் ஸ்டேடியம், உள்ளூர் டீம் ஆயிலர்ஸும் மான்ட்ரியலும். மைனஸ் 18 டிகிரி பக்கம் குளிரு, மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜோஸே தியோடோர் மாஸ்க் மேல கம்பளிக் குல்லாயை மாட்டிக்கிட்டு நின்னாரே, அந்தப் படம் எனக்கும் உசுரு. ஆனா அன்னைக்கு 57,167 பேர் அந்தக் குளிர்ல சீக்கிரமே வந்து உக்காந்தது எதுக்கு? மெயின் ஆட்டத்துக்கு முன்னாடி பழைய ஆட்டக்காரங்க ஆடினாங்க, அதுல கிரெட்ஸ்கி ஆயிலர்ஸ் ஜெர்சி போட்டு இறங்கினாரு. பதினஞ்சு வருஷம் முன்னாடி கை விட்டுப் போன புள்ளை திரும்ப நம்ம கலர்ல நிக்குறான், அதைப் பாக்க வந்த கூட்டம் அது. அப்புறம் 2014ல டாட்ஜர் ஸ்டேடியத்துல, பனியே இல்லாத லாஸ் ஏஞ்சலஸ்ல, கிங்ஸும் அனஹைம் டக்ஸும் திறந்தவெளியில ஆடினாங்களே, கிரெட்ஸ்கி அங்க போனதுக்கு அப்புறம்தான் கலிஃபோர்னியாவுல ஹாக்கிக்கு மவுசு வந்துச்சு, 1991ல சான் ஹோசே, 1993ல அனஹைம்னு டீம் மேல டீமா மொளைச்சுது. அந்த ட்ரேடு நடக்கலைன்னா டாட்ஜர் ஸ்டேடியத்துல ஐஸ் போடணும்னு எவன் யோசிச்சிருப்பான்?

குளத்துல வளர்ந்த ஆட்டம்ங்கறதுக்கு நான் ரொம்ப நேரம் எடுத்துக்கல. குளம் உண்மை. ஆனா இப்ப நடக்குறது குளம் இல்லையே. குளிரூட்டுற மெஷினை ட்ரக்ல கொண்டு வந்து, மைதானத்து மேல உலோகத் தட்டு பரப்பி, அதுக்குள்ள க்ளைக்கால்ங்கற குளிரூட்டுற திரவத்தை ஓட விட்டு ஐஸ் போடுறாங்க. அந்த ஆளுங்க உழைப்புக்கு என் மரியாதை உண்டு. ஆனா இயற்கை எப்பவும் ஒத்துழைக்கிறதில்லை. 2021ல லேக் டாஹோ ஓரமா வேகஸும் கொலராடோவும் ஆடினப்ப வெயில்ல ஐஸ் இளகி, முதல் பீரியட் முடிஞ்சதும் நிறுத்திட்டு ராத்திரிதான் மீதியை ஆடினாங்க. 2025 மார்ச்ல ஒஹாயோ ஸ்டேடியத்துல கொலம்பஸ் ஆடின ஆட்டத்தைப் பத்தி எதிரணி நண்பர் ஒருத்தர் உருகிப் பேசினாரு, முந்தின ஆகஸ்ட்ல சைக்கிள்ல போறப்ப தன் தம்பியோட சேந்து உயிரை விட்ட கொலம்பஸ் ஆட்டக்காரர் ஜானி கோட்ரோவை அந்த ஊரு நெனச்சுக்கிட்டே இருந்த சீசன் அது. அதுக்கு எதிரா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மனுஷனைச் சரக்கா மாத்துறாங்கங்கறது கனமான குற்றச்சாட்டு, அதைச் சும்மா தட்டிக் கழிக்கக் கூடாது. சீசன் நடுவுல புள்ளைங்களை ஸ்கூல் மாத்தணும், பொண்டாட்டி தனியா வீட்டைக் காலி பண்ணணும், கஷ்டம்தான். ஆனா ட்ரேடுல கதவு மூடுறது மட்டும் இல்ல, தொறக்குறதும் நடக்குது. 1995 டிசம்பர் 2, மான்ட்ரியல் ஃபோரம். டெட்ராய்ட் 11-1ன்னு அடிக்குது, மான்ட்ரியல் கோல்கீப்பர் பேட்ரிக் ராய் ஒம்போது கோல் வாங்குற வரைக்கும் கோச் மாரியோ ட்ரம்ப்ளே அவரை வெளிய எடுக்கல. சொந்த ஊர் ஜனங்களே கேலியாக் கைதட்டுறாங்க. கடைசில வெளிய வந்தவரு கோச்சைத் தாண்டி நேராப் போயி, பின்னாடி உக்காந்திருந்த டீம் பிரசிடென்ட் கிட்ட, மான்ட்ரியலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம்னுட்டாரு. நாலே நாள்ல கொலராடோவுக்கு ட்ரேடு. அடுத்த ஜூன்ல கப் அவர் கையில. டொமினிக் ஹாஷெக்கை எடுத்துக்குங்க, சிகாகோவுல ரெண்டாவது கோல்கீப்பரா பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு, 1992ல பஃபலோவுக்கு வந்தாரு, அப்புறம் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா ஆறு தடவை, லீக்கோட மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் ரெண்டு தடவை. ஜோ தார்ன்டன் 2005 நவம்பர்ல பாஸ்டன்லேர்ந்து சான் ஹோசே போயி அதே சீசன்ல ஹார்ட் ட்ராஃபி வாங்கினாரு. இவங்களைக் கேளுங்க ட்ரேடு சாபமா வரமான்னு.

அப்புறம் ரசிகன். திறந்தவெளி ஆட்டத்துல ரசிகன் கல்யாண வீட்டு விருந்தாளி, அழைச்சா போவான், சாப்பிடுவான், போட்டோ எடுத்துட்டு வருவான். ட்ரேடு அப்படியா? அக்டோபர்லேர்ந்து மார்ச்ல ட்ரேடு டெட்லைன் அன்னைக்கு மூணு மணி வரைக்கும் ஒவ்வொரு ரசிகனும் மேனேஜர்தான். 2025-26 சீசன்ல ஒரு டீமுக்குச் சம்பள வரம்பு 9.55 கோடி டாலரா இருந்துச்சு, அதுல யாருக்கு எவ்வளவு, யார் கான்ட்ராக்ட்ல, சம்மதம் இல்லாம மாத்தக் கூடாதுங்கற நோ-மூவ் இருக்கு, ஆளைக் குடுக்குற டீம் பாதிச் சம்பளத்தைத் தானே ஏத்துக்குமா, முதல் ரவுண்டு பிக்கைக் குடுக்கலாமா வேண்டாமான்னு டிம் ஹார்டன்ஸ் காபிக் கடை க்யூல நிக்குறவங்க கணக்குப் போடுறாங்க, பேரன் போனைக் காட்டி விளக்குறான், தாத்தா வேண்டாம்டா அந்தப் பையனை விடாதேங்கறாரு, ரெண்டு பேரும் டெட்லைன் நெருங்குற அந்த ஒரு மாசம் பேசுற அளவுக்கு மத்த பதினோரு மாசம் பேசுறதில்லை. இந்த ஆட்டத்தைப் பத்தி யோசிக்க வைக்கிறது ட்ரேடு, எதிரணி எவ்வளவு சொன்னாலும் இது உண்மை.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம். 2025 மார்ச் 7. பாஸ்டன் கேப்டன் பிராட் மார்ஷன்ட். 2013, 2018, 2019, 2024ன்னு நாலு தடவை ஏழாவது ஆட்டத்துல நம்மளை வெளிய அனுப்பின பாஸ்டன் டீம்ல இருந்தவரு. அவரை ஒரு டிராஃப்ட் பிக்குக்காக ஃப்ளோரிடாவுக்குக் குடுத்துட்டாங்க. அப்பாடா, இனி ப்ளேஆஃப்ல இந்த ஆளைப் பாக்க வேண்டாம்னு நாம மூச்சு விட்டோம். மே மாசம் எதிர்ல யாரு? ஃப்ளோரிடா. நாம 2-0ன்னு முன்னால இருக்கோம், மூணாவது ஆட்டம் ஓவர்டைம்ல கோல் போட்டு அந்த சீரிஸையே திருப்பினது யாரு? அதே மார்ஷன்ட். ஏழாவது ஆட்டம் நம்ம ஊர்ல 6-1, ஜெர்சியைக் கழட்டி ஐஸ் மேல எறிஞ்சாங்க நம்ம ஜனங்க. ஜூன்ல கப் ஃபைனல்ல ஆறு கோல் போட்டுக் கப்பையும் தூக்கிட்டாரு. நான் அந்தப் பேரைச் சொன்னதும் முன் வரிசைலேர்ந்து கடைசி வரிசை வரைக்கும் "ச்சே"ன்னு ஒரு சத்தம் வந்துச்சே ஐயா, மிச்சிகன் பேரைச் சொன்னப்ப அந்தச் சத்தம் வரல. அதைக் கணக்குல எடுத்துக்கிட்டு எங்க அணிக்குத் தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.