தளை என்றால் விலங்கு மட்டும்தானா?

யாப்பு, அதாவது செய்யுள் எழுதும் இலக்கணம், கவிதைக்குப் போட்ட விலங்கு, அதை உடைத்தால்தான் கவிதை மூச்சு விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புதுக்கவிதை எனக்கும் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பழைய சொற்களைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோமே.

முதலில் செய்யுள். செய் என்ற வினையிலிருந்து வந்த சொல். நன்னூலும் வல்லோர் அணிபெறச் ‘செய்வன செய்யுள்’ என்றே சொல்கிறது. கிரேக்க மொழியிலும் இதே கதைதான், பொயம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது ‘செய்தல்’. வெர்ஸ் என்பதோ லத்தீனில் திரும்புதல்: ஏர் ஒரு சால் ஓட்டி முடித்து அடுத்த சாலுக்குத் திரும்புகிறதே, அதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஏர் நினைவுக்கு வரும்.

யாப்பு என்றால் கட்டுதல். தொடை என்றால் தொடுத்தது, பூ தொடுக்கிறோமே அதே தொடுத்தல்தான். சரி, தளை? காலில் பூட்டுவதும் தளைதான், மறுக்கவில்லை. ஆனால் மொட்டின் இதழ்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் கட்டுக்கும் தளை என்றே பெயர், அது நெகிழ்ந்து பூப்பதைத் தளை அவிழ்தல் என்று பழம்பாடல்கள் சொல்கின்றன. எனக்குச் செய்யுளின் தளை இந்த மொட்டின் தளையாகத்தான் தெரிகிறது.

குறளின் முதல் அடியைப் பாருங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’. சொல்லின் ஒலித்துண்டுதான் அசை: ஒற்றைக் கணக்கில் எடுக்காமல், ‘ர’ போல ஓரெழுத்தாய் நிற்பது நேர், ‘முத’ போலக் குறிலோடு இன்னோர் எழுத்து சேர்ந்தது நிரை. ‘அகர’ நேரசையில் முடிகிறது, உடனே ‘முதல’ நிரையில் தொடங்குகிறது. ‘முதல’ நேரில் முடிய, ‘எழுத்தெல்லாம்’ மறுபடி நிரையில் தொடங்குகிறது. அது மூன்று அசை கொண்டு நேரில் முடியும் காய்ச்சீர் என்பதால் அடுத்து வரும் ‘ஆதி’ நேரில் தொடங்க வேண்டும், தொடங்குகிறது. ஒரு சொல்லின் கடைசியும் அடுத்ததன் முதலும் கைகோத்துக்கொள்ளும் அந்த இடம்தான் தளை. அடுத்த அடி ‘பகவன்’ என்று வந்ததும் ‘அகர’வின் க இங்கும் ஒலிக்கிறது, இப்படி இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்காவது இறுக்குகிறதா?

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலைச் சொற்கள். அகவல் அப்படியில்லை, அது தொண்டையிலிருந்து வந்தது. மயில் அகவும் என்கிறோமே அந்த அகவல், அழைத்தல். தொல்காப்பியம் ‘அகவல் என்பது ஆசிரியம்மே’ என்று ஆசிரியப்பா என்ற பாவகையின் ஓசைக்கு அந்தப் பெயரைத் தருகிறது. குறி சொல்லும் பெண்ணுக்கும் அதே வேரிலிருந்து அகவன் மகள் என்று பெயர். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையார் அவளைக் காட்டுகிறார், சங்குமணிக் கோவை போல நரைத்த நீண்ட கூந்தலோடு. தலைவி ஏன் வாடுகிறாள் என்று குறி கேட்க அழைத்திருக்கிறார்கள். குறிக்காரி மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள், அதில் தலைவனுடைய குன்றமும் வந்துவிடுகிறது. தோழி அதை அங்கேயே பிடித்துக்கொள்கிறாள்: ‘இன்னும் பாடுக பாட்டே’. அவர் குன்றத்தைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடு என்கிறாள். அகவன் மகளே, அகவன் மகளே என்று மூன்று முறை கூப்பிடும் அந்த ஐந்தடிப் பாட்டும் அகவலில்தான் இருக்கிறது.