ஊசி போடாத டாக்டர்

(டெல்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் வாசகர்கள் கூடும் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சில் இருந்த இழுவையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு மன்னிப்பு. அழைப்பிதழில் "டாக்டர் யார்? புது சீசனும் பழைய சண்டையும்" என்று போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து, சீசன் மாறும்போது வருகிற காய்ச்சலைப் பற்றி யாரோ டாக்டர் பேசப்போகிறார் என்று நினைத்து, முன்வரிசையில் ஒரு பெரியவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஐயா, இந்த டாக்டர் ஊசி போட மாட்டார். அவருக்கு வயது ஆயிரத்துக்கு மேல், இதயம் இரண்டு. லண்டனில் போலீஸை அழைக்கத் தெருவோரம் வைத்திருந்த நீலப் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு காலத்தில் முன்னும் பின்னும் போவார். பெட்டி வெளியே சின்னது, உள்ளே அரண்மனை. கரோல் பாக்கில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்கு நேர் எதிர். அது வெளியே பார்த்தால் பங்களா, எங்களுக்குக் கிடைத்தது மொட்டைமாடியில் பர்சாத்தி என்கிற ஒற்றை அறை.

தொடரின் பெயர் டாக்டர் ஹூ. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. முந்தின நாள்தான் கென்னடியைச் சுட்டுக்கொன்றார்கள். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால் அடுத்த வாரம் முதல் பகுதியை இன்னொரு தடவை போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள். அந்த முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன், அப்போது அவருக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், முப்பதைத் தொடாத பெண். பிபிசியின் வெள்ளைக்கார ஆண்கள் நடுவில் இந்த இரண்டு பேரும் எப்படி நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, சண்டைக்கு வருகிறேன். என் வீடு மயூர் விஹாரில் இருக்கிறது. 2024இல் புது சீசன் வந்தபோது ஒவ்வொரு பகுதியும் நமக்குச் சனிக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு வெளியானது. மார்கழியில் திருப்பாவைக்குக் கூப்பிட்டால் போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிற என் மகளும், என் தங்கை பையனும், மேல்மாடிப் பஞ்சாபிப் பெண்ணும் அலாரம் வைத்து எழுந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் சண்டை. பால்காரர் வந்து மணி அடித்தாலும் ஒருவருக்கும் காது கேட்காது.

அந்த சீசனின் பெரிய புதிர், ரூபி என்ற பெண்ணின் அம்மா யார் என்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு தேவாலய வாசலில் விட்டுப்போன குழந்தை அவள். ஏழு வாரம் பனி விழுகிறது, முகம் மறைத்த உருவம் நடக்கிறது, கடைசியில் 1975இல் வந்துபோன சுதேக் என்ற எகிப்தியக் கடவுள்கூடத் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்கிறது. பதில்? அம்மா ஒரு சாதாரணப் பெண். பதினைந்து வயதில் பெற்றாள், வளர்க்க வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனாள், பிறகு நர்ஸ் ஆனாள். என் மகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "ஏழு வாரம் தூக்கத்தைக் கெடுத்துட்டு இதுதானாப்பா?" என்கிறாள். தங்கை பையன் விடவில்லை. "மாமா, கர்ணனை ஆத்துல விட்டது யாருன்னு பார்த்தா குந்தி, ராஜாவோட பொண்ணு. வாசல்ல கிடந்த குழந்தைன்னா அம்மா ராணியாத்தான் இருக்கணும்னு நமக்கு யார் சொன்னது? அதைத்தான் இவர் உடைக்கிறார்" என்றான். எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ். யோசனையில் பையன் கட்சி நான், செய்த விதத்தில் மகள் கட்சி. சாதாரணமானவளைத்தான் காட்டப்போகிறாய் என்றால், அவள் நடந்துபோகும்போது எதற்கு அத்தனை இடி மின்னல்?

அடுத்த வருஷம் இன்னொரு அடி. ராணி என்றே ஒரு வில்லி உண்டு, 1985இல் வந்தவள். இவள் எப்போது திரும்புவாள் என்று ரசிகர்கள் பல வருஷம் காத்திருந்தார்கள். 2025இல் ஆர்ச்சி பஞ்சாபி அந்த வேஷத்தில் வந்தார், நம் ஹாலில் விசில் பறந்தது. இரண்டே பகுதி கழித்து ஒமேகா என்ற எலும்புக்கூட்டுப் பூதம் அவளைப் பிடித்து விழுங்கிவிட்டது. இதைப் பற்றி மகளும் பையனும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள், எனக்கே பயமாகிவிட்டது.

நம் டிவி சீரியலில் நடிகர் விலகிவிட்டால் திரையில் எழுத்துப் போடுவார்களே, "இவருக்குப் பதில் இவர்" என்று, அது நினைவிருக்கிறதா? மறுநாள் வேறு முகம் வந்து அதே மாமியாரிடம் திட்டு வாங்கும். 1966இல் பிபிசிக்கும் அதே நிலைமைதான். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை, பேட்ரிக் ட்ரௌட்டன் வருகிறார். அவர்கள் எழுத்துப் போடவில்லை. டாக்டர் தரையில் விழுகிறார், முகம் ஒளிர்கிறது, எழும்போது வேறு ஆள். டாக்டரின் இனத்தாருக்கு (டைம் லார்ட் என்பது பின்னால் வந்த பெயர்) சாகும் நேரத்தில் உடம்பு மாறும் என்று கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நடிகரின் நோய்க்குக் கண்டுபிடித்த வைத்தியம் தொடருக்கே ஆயுளைக் கொடுத்துவிட்டது. (பெரியவரே, இந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் என் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு.)

முகம் மாறும்போதெல்லாம் "போச்சு, கெடுத்துட்டாங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் கூட்டத்தைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று சொல்கிறேன். அறுபதுகளில் ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சி பதிவது பிபிசி வழக்கம். அப்படி இந்தத் தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் படமாகக் கிடைக்காமல் போயின. ஆனால் காணாமல் போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருக்கிறது. எப்படி? டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, அம்மாவை இருமக்கூடாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆபீஸ் தூக்கிப்போட்டதை ரசிகன் பரணில் வைத்துக் காப்பாற்றினான். அப்படிப்பட்டவன் குறை சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

குறை சொல்பவர் கதை ஒன்று இருக்கிறது. 1986இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் ரசிகர்களை அழைத்து அந்த வருஷக் கதையை எழுதியவர்களோடு பேச வைத்தார்கள். 16 வயதுப் பையன் ஒருவன், எழுதியவர்கள் எதிரிலேயே, கதை அரைத்த மாவு என்கிற மாதிரி வெளுத்து வாங்கினான். பெயர் கிறிஸ் சிப்னால். 2018இல் அந்தத் தொடருக்கே தலைமை எழுத்தாளராக வந்தவர் அவர்தான். ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டராக்கியவரும் அவர்தான். வந்த பிறகு ரசிகர்கள் அவரைப் பேசியது இருக்கிறதே! 2020இல், டாக்டருக்கு நமக்குத் தெரிந்த முதல் முகத்துக்கு முன்னாலும் எண்ணற்ற பிறவிகள் உண்டு என்று எழுதினார், அன்றைக்குப் பற்றிய தீ இன்னும் அணையவில்லை. ஒரு டைம் லார்ட் பன்னிரண்டு தடவைதான் உடம்பு மாற முடியும் என்று 1976இல் சொன்னீர்களே என்கிறது ஒரு கட்சி. அதே 1976இல் வேறொரு கதையில் டாக்டரின் பழைய முகங்கள் என்று முன்பின் தெரியாத எட்டு முகங்களைக் காட்டினீர்களே என்கிறது மறு கட்சி. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று எத்தனை பட்டிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இரண்டு கட்சிக்கும் பாட்டு கம்பனிடமே கிடைக்கும், இதுவும் அந்த வழக்குத்தான்.

சிப்னாலை அவ்வளவு திட்டிய என் மகளே வாயை மூடிக்கொண்டு பார்த்தது ஒரே ஒரு பகுதி, 2018 நவம்பர் 11 அன்று வந்தது. வினய் படேல் எழுதியது. 1947 ஆகஸ்ட், பஞ்சாப், நாளைக்கு எல்லைக்கோடு. முஸ்லிம் பெண்ணுக்கும் இந்துப் பையனுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், கொல்ல வந்தவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் வந்திருப்பது, யாரும் பக்கத்தில் இல்லாமல் சாகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்க. மாப்பிள்ளையைக் கொல்ல வருகிற கும்பலில் அவன் சொந்தத் தம்பி இருக்கிறான். டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, திரும்பி நடக்கிறார், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம்.

மேல்மாடிப் பெண்ணின் பாட்டி அன்று எங்கள் ஹாலில் இருந்தார். லாகூர் பக்கத்திலிருந்து சின்ன வயதில் நடந்து வந்தவர். ஆங்கிலம் தெரியாது, பேத்திதான் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் நாங்கள் ஒருவரும் பேசவில்லை. பாட்டி மட்டும், "கதை சரி. ஆனால் அது எங்கள் மண் இல்லை, எங்கே போய் எடுத்தார்கள்?" என்று கேட்டார். பையன் தேடிப் பார்த்தான். ஸ்பெயினில் எடுத்திருக்கிறார்கள். எழுபது வருஷம் கழித்து, டிவியில், மண்ணின் நிறத்தைப் பார்த்தே சொல்கிறார். அவரை விடக் கறாரான ரசிகரை நான் பார்த்ததில்லை.

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்போதைய நிலவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 31 அன்று ஷூட்டி கட்வா நடித்த டாக்டரின் உடம்பு மாறியது, வந்த முகம் பில்லி பைப்பர். 2005இல் தொடர் மறுபடி தொடங்கியபோது டாக்டரோடு சுற்றிய ரோஸ் என்ற பெண்ணின் முகம் அது. எழுத்து ஓடும்போது மற்றவர்களுக்குப் பாத்திரத்தின் பெயர் போட்டவர்கள் இவருக்கு மட்டும் போடவில்லை. அந்த அக்டோபரில் பணம் போட்ட டிஸ்னி விலகிக்கொண்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்புப் பகுதி வரும் என்று பிபிசி அறிவித்தது.

வந்திருப்பது டாக்டரே இல்லை என்கிறாள் மகள். டாக்டர்தான் என்கிறான் பையன். பந்தயம் கட்டியிருக்கிறார்கள்: தோற்றவர் மார்கழிக் குளிரில், டெல்லிக் குளிரில், அதிகாலை ஐந்து மணிக்குக் கோயிலில் வரிசையில் நின்று எல்லோருக்கும் பொங்கல் வாங்கி வர வேண்டும். நான் யார் பக்கம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு எப்படியும் பொங்கல் வந்துவிடும்.